தண்ணீர் கேட்கும் வேலை

"அப்ப நாளைக்கு வடிவேலு கடைத் தராசைப் பார்த்துட்டு வந்துடுங்கம்மா," என்றார் சேதுபதி முதலாளி.

முடியாது என்ற சொல் செல்லக்கண்ணுவின் வாயில் வராது. மளிகைக் கடை மிளகாய் நெடி தனக்கு ஆகாது, தும்மிக்கொண்டே எடையைப் பார்ப்பது எப்படி என்று வருத்தத்தோடு கேட்டாள்.

முதலாளியும் வருத்தப்பட்டார். வடிவேலு அவருடைய மைத்துனர்.

சிராங்கூன் சாலையில் அவருடைய புடவைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கண்ணு அந்த வேலைக்குப் புதிது. யாரோ ஒருத்தி போலக் கீழே கடைக்குள் நுழைவாள். கைக்கெட்டிய புடவையையெல்லாம் விரிக்கச் சொல்வாள். ஒன்றும் வாங்காமல் எழுந்திருப்பாள். அந்த நேரம் விற்கிற ஆள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டான் என்பதைப் பின்சந்துப் படியேறி வந்து முதலாளியிடம் சொல்வாள்.

பார்த்ததை மட்டும் சொல்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

அவள் பேரைக்கூட அவர் கேட்டதில்லை. தெரிந்தால் எங்கேயாவது உளறிவிடுவாராம். தெரியாவிட்டால் யார் கேட்டாலும் காளியம்மன் மேல் சத்தியம் செய்யலாமாம். இந்த ஏற்பாட்டில் அவருக்குத் தனிப் பெருமை.

வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தி பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறாள் என்று தெரிந்துபோனதும், முதலாளிக்கு ஊரையே பார்க்கச் சொல்ல வேண்டும் போலாகிவிட்டது.

ஹனீபா கடையில் தனக்கு வரும் டீ மட்டும் ஏன் தண்ணியாக இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். செல்லக்கண்ணு கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, டீ குடித்தால் தனக்குத் தூக்கம் போய்விடும் என்றாள்.

சாங்கியில் இருக்கும் தம்பிக்கு வந்திருப்பது நிஜக் காய்ச்சல்தானா என்றார். சாங்கி பஸ் ஏறினாலே தலை சுற்றும் என்றாள்.

எல்லாவற்றையும் சிரித்த முகமாகவே சொன்னாள். முதலாளியின் மனம் மட்டும் கோணிவிடக் கூடாது. போன வாரத்திலிருந்து அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

"சரி, இது ஒண்ணையாவது செய்ங்க." மேசையிலிருந்து மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்றை எடுத்தார். "அக்கா மகன் செம்பவாங் நேவல் பேஸ்ல கிளார்க்கா இருக்கான். அவனுக்கு ஜாலான் புசார்ல இரும்புக் கடை மருதப்பன் பொண்ணு ஒத்து வருது. நீங்க யாரோ மாதிரி போய் அந்த வீட்டுல தண்ணி கேளுங்க. பொண்ணு எப்படிக் கொடுக்குதுன்னு பாருங்க. நம்ம கடைக்குச் செய்றதுதான்."

பழக்க தோஷம். வாய் முந்திக்கொண்டது.

"அந்த வீடு வேணாங்களே. எனக்குக் கொஞ்சம் தெரிஞ்சவங்க."

முதலாளி அவளையே பார்த்தார். கல்யாண விஷயத்தில் தெரிந்தவர்கள் நழுவினால் அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுடைய நாத்தனாருக்கு வந்த நல்ல வரன் ஒன்று பக்கத்து வீட்டுக்காரியின் பெருமூச்சிலேயே நின்றுபோயிருக்கிறது.

"தெரிஞ்ச நீங்களே வேணாங்கிறீங்க. பெரிய உபகாரம்மா," என்று ஜாதகத்தை மடித்தார்.

அந்த ஜாதகத்தின் மூலைகளில் மஞ்சள் தடவியது செல்லக்கண்ணுதான். மருதப்பன் அவள் கணவர். தரகர் இராமசாமி அதை யார் வீட்டில் கொடுத்தார் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் மங்களத்துக்கு இதைவிட நல்ல இடம் இதுவரை வந்ததில்லை, இனி வரும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

நான்தான் பெண்ணைப் பெற்றவள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பார்த்ததையெல்லாம் பார்த்தபடி சொல்லும் சம்பந்தியை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? பெண் பார்க்க வருகிற அன்று தெரியத்தான் போகிறது. அன்றைக்கே பையனுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனால் போதும்.

முதலாளி மடித்த ஜாதகத்தை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

"தெரிஞ்சவங்கன்னா இன்னும் நல்லாப் பார்க்கலாங்களே," என்று எழுந்தாள். "இப்பவே போறேங்க."

ஜாதகம் மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

வெயிலில் நடந்தே ஜாலான் புசார் போய்ச் சேர்ந்தாள். இரும்புக் கடைக்கு மேலே வீடு. எப்போதும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவள், இன்று நின்று தட்டினாள். வேலை என்றால் வேலை.

கதவு திறந்தேதான் கிடந்தது. உள்ளே மங்களம் நாற்காலியில் காலை மடக்கிப் போட்டு சினிமாப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு வாசற்படியிலேயே நின்று, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பானையில இருக்கு லா. நீயே எடுத்துக் குடிம்மா."

செல்லக்கண்ணு உள்ளே போய்த் தானே எடுத்துக் குடித்தாள். நாளைக்கு முதலாளி கேட்பார். பார்த்ததை மட்டும்தான் அவள் சொல்வாள்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. டம்ளரையும் கழுவித்தான் வைத்திருந்தார்கள்.

அதைச் சொல்லலாம்.