எட்டாவது பாட்டில் ஒரு குரல்

வெஸ்லி தொப்பியைக் கழற்றி வாஷிங் மெஷினின் மேல் வைத்தார். வெளியே சந்தையில் மீன்காரன் ராகம் இழுத்துக் கத்தினான். யன்னலைச் சாத்திவிட்டுக் கைபேசியில் பாட்டைப் போட்டார்.

புஸ்பராணி சமையலறைக் கதிரையின் நுனியில் இருந்தாள். இந்த வீட்டுக் கதிரைகளைத் துடைத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

பக்கத்தில் மகள் வேணுகா. வெஸ்லிக்குத் தெரிந்தது ஆங்கிலம். புஸ்பராணிக்குத் தெரிந்தது தமிழும், வீட்டு வேலைக்குப் போதுமான இத்தாலியனும். மகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறாள் என்பதால் கூட்டி வந்திருந்தாள்.

வெஸ்லி அமெரிக்காவில் கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டுகள் பாடுகிறவர். நெடுஞ்சாலை, லொறி, விட்டுப்போன மனைவி, இவற்றைப் பற்றிப் பாடுவார். முதல் இரண்டு அல்பங்களையும் ஆட்கள் வாங்கவில்லை. மனைவி உண்மையாகவே விட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் இத்தாலியில் பலேர்மோ நகருக்கு வந்து, அல்பெர்கேரியாச் சந்தைப் பக்கம் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, முன்னறையில் ஒரு மைக்கை வைத்து மூன்றாவது அல்பத்தைப் பாடினார். புஸ்பராணி கிழமைக்கு இரண்டு தரம் வந்து வீட்டைத் துப்புரவாக்கினாள்.

மூன்றாவது அல்பம் அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டது. எல்லாம் எட்டாவது பாட்டால் வந்தது. இப்போது போட்டிருப்பது அதைத்தான்.

கிட்டார் கொஞ்ச நேரம் தனியாகப் போனது. வெஸ்லி ஒரு ஆற்றைப் பற்றிப் பாடினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில், தூரத்தில், ஒரு பெண்குரல் கேட்டது.

ஓம்.

மறுபடி கிட்டார். மறுபடி அந்தக் குரல்.

ஓம்.

இன்னொரு தரமும் வந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

வெஸ்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, இது நீங்கள்.”

வெஸ்லி நிறைய நேரம் கதைத்தார். வேணுகா துண்டு துண்டாக மொழிபெயர்த்தாள். அந்தச் சத்தத்தை அழிக்கச் சொல்லிப் பாட்டுக் கொம்பனிக்காரர்கள் பிடிவாதமாக நின்றார்களாம், இவர் விடவில்லையாம். இப்போது கச்சேரிகளில் அந்த இடம் வந்தால் மைதானம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து சொல்கிறார்களாம். ஒருவர் அதைக் கையில் பச்சை குத்தியிருக்கிறாராம். அது என்ன மந்திரம், எந்தக் கடவுளுக்கு உரியது என்று கேட்கத்தான் அமெரிக்காவிலிருந்து மறுபடி இவ்வளவு தூரம் வந்தாராம்.

“நீங்கள் சும்மா ஃபோனிலை ஓம், ஓம் எண்டு ஆமாம் போட்டிருக்கிறியள். மனுசன் மந்திரம் எண்டு நினைச்சிட்டார்,” என்றாள் வேணுகா. சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “ஆரோடை கதைச்சனீங்கள்?”

“அழகு மாமாவோடை.”

“என்னத்தைப் பற்றி?”

“ஆருக்கு ஞாபகம்.” புஸ்பராணி மேசையில் இல்லாத தூசியைக் கையால் தட்டினாள். “மந்திரம்தான் எண்டு சொல்லு.”

“பொய்யெல்லோ?”

“அவ்வளவு தூரத்திலையிருந்து வந்திருக்கிறார். சொல்லு.”

வேணுகா சொன்னாள். வெஸ்லி தலையை மெதுவாக ஆட்டினார். முன்பே தெரியும் என்கிற மாதிரி ஆட்டினார். பிறகு எழும்பி, இரண்டு கையையும் வயிற்றுக்கு நேரே குவித்துக் கும்பிட்டார். புஸ்பராணியும் எழும்பிக் கும்பிட்டாள்.

எதற்காகச் சொல்கிற மந்திரம் என்று கேட்டார்.

“நல்லதுக்கு எண்டு சொல்லு.”

அதையும் சொன்னாள்.

வேணுகா பாட்டைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

“அப்பா வந்த உடனை முதல் வேலையா இதைத்தான் போட்டுக் காட்டுவன்.”

அப்பா வந்த உடனே செய்வதற்கு அவளிடம் நிறைய வேலைகள் இருந்தன. இலங்கையில் சண்டை முடிந்த வருடம், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிய அப்பாவை அவள் கடைசியாகக் கண்டபோது அவளுக்கு ஏழு வயது.

“ஓம்,” என்றாள் புஸ்பராணி.

எட்டாவது பாட்டைப் பாடிய அன்று, சத்தம் வேண்டாம் என்று வெஸ்லி வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் முன்னறைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கிளிநொச்சியிலிருந்து தம்பி அழகரத்தினம் ஃபோன் எடுத்தான். அவள் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மெதுவாக, ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள்.

தோட்டக் காணி ஒன்றில் பாழ்கிணற்றை இறைத்திருக்கிறார்கள். தம்பி அங்கே நின்றபடிதான் கதைத்தான்.

அத்தானுக்கு இடது முழங்காலுக்குள் தகடு வைத்ததோ என்று கேட்டான்.

அரைஞாண் வெள்ளியோ என்று கேட்டான். கொஞ்சம் பொறுத்து, முன்பல் ஒன்று கட்டினதோ என்று கேட்டான்.

பிறகு, பிள்ளைக்குச் சொல்லுவமோ அக்கா என்று கேட்டான்.

பாட்டில் அந்த இடத்தில் கிட்டார் மட்டும்தான் போகிறது.