நீலப் பலகையில் ‘நில்’

மருத்துவமனை வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. நடைபாதை விளிம்பில் ஒரு தாய் மகளை மடியில் இறுக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள். சிறுமியின் முழங்காலில் சிராய்ப்பு. அழுகை இப்போதுதான் விக்கலாக அடங்குகிறது. இரண்டடி தள்ளி நிற்கும் பள்ளி வேனின் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது, அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. வேன் ஓட்டும் பெண்ணின் லைசென்ஸ் போலீஸ்காரர் கையில் இருக்கிறது. அவள் கண் அதைவிட்டு அகலவில்லை. “சார், நில்லுன்னு எழுதியிருக்கு, சரி. ஆனா போர்டு நீலமா இருக்கே? சிவப்பா இருந்தாத்தானே சட்டம்?” அவர் அந்த நீலப் பலகையை அண்ணாந்து பார்க்கிறார், போனில் யாரையோ கேட்கிறார், தலையாட்டுகிறார். “ஆஸ்பத்திரிக்காரங்களா வச்சுக்கிட்டதாம். நிக்கலைன்னு அபராதம் எழுத முடியாதும்மா.” லைசென்ஸை நீட்டுகிறார். அவள் விரல் அதைத் தொடும்போது தாய் நிமிர்கிறாள். “கலரை விடுங்க. என் பொண்ணு குறுக்க வந்ததப் பாத்தீங்களா, இல்லையா?” போலீஸ்காரர் லைசென்ஸின் மறுமுனையை இன்னும் விடவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் வேன்காரப் பெண்ணின் வேலை பறிபோகாது. சிறுமி விக்கலுக்கு நடுவே அவளையே பார்க்கிறாள். “பாத்தேன்,” என்கிறாள் வேன்காரப் பெண். “அதுக்குள்ள போயிடலாம்னு நெனச்சேன்.”