வெள்ளி விரல்

இருபத்து மூன்று ஓட்டு. அவை எந்தத் தெருவிலிருந்து நழுவின என்பதுதான் தேவாசீர்வாதம் சாருக்குப் பிடிபடவில்லை.

அவர் மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். ஐம்பத்தொன்பதில் நடந்த நகராட்சித் தேர்தல் முடிவை ஊர்ப்படத்தில் தெருத் தெருவாகப் பூசி வைத்திருந்தார். குடைச் சின்னத்துக்குப் பச்சை, ஏணிக்குச் சிவப்பு. அதன்மேல் மெல்லிய தாளை விரித்து இன்றைய முடிவைப் பூசினால் போதும். எங்கே நிறம் ஒட்டவில்லையோ அங்கே ஓட்டு கட்சி மாறியிருக்கிறது.

பட்டாசுக் கம்பெனி முதலாளி ரத்தினசாமி குடையில் நின்ற வார்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. போன தடவை குடை 240, ஏணி 205. இன்று குடை 217, ஏணி 228.

"கிணத்துத் தெருவுல செவப்பைப் பூசுங்க சார்," என்றார் ரத்தினசாமி, தன் வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த படத்தைக் காட்டி. "நாளைக்கு அந்தத் தெரு ஆளு ஒருத்தன் வேலைக்குன்னு கம்பெனிக் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

சார் சிவப்புப் பென்சிலைத் தொடவில்லை. தீபாவளிச் சீசன். இந்தக் கேட்டைச் சாத்திவிட்டால் அவர்களுக்கு வேறு எந்தக் கம்பெனிக் கேட்டும் திறக்காது. அந்தத் தெருப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் அவர் வகுப்பில் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, கிணத்துத் தெருவும் உங்க சொந்தக்காரக இருக்கிற பஜார் தெருவும் இந்தத் தடவை ஒரே ஓட்டுச் சாவடி. எந்தத் தெரு மாறுச்சுன்னு தெரியாம எப்படிப் பூச?"

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? அந்தா பாருங்க."

மூலையில் கொளுத்தாத புஸ்வாணங்கள் குவிந்து கிடந்தன.

"வெற்றி ஊர்வலத்துக்கு வச்சது. கம்பெனிக்குத்தான் மூணு நாள் லீவு விட்டுட்டேனே! நேத்துக் காலையில என் தம்பி, பங்காளி, மச்சினன்மாரு எல்லாரும் கொல்லையில உக்காந்து மருந்து கெட்டிச்சாக. கைராசிக்கு மொதச் சட்டி நான். பாதியில எந்திரிச்சு, கைகூடக் கழுவாம அப்படியே கூட்டமாப் போய்க் குத்திட்டு வந்தோம். அவுகளா மாறுவாக?"

உள்ளே பந்தி நடக்கும் சத்தம் கேட்டது. யாரோ ரசம் கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள்.

கணக்கப்பிள்ளை சங்கரலிங்கம் குனிந்தார். முதலாளிக்காக ஓட்டு எண்ணும் இடத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர்தான்.

"கண்ணால பாத்தேன் சார். ஏணிக் கட்டுல இருபத்து மூணு சீட்டுல வெள்ளி வெள்ளியா வெரல் பதிஞ்சிருக்கு. அலுமினியப் பொடி. பட்டாசு ஆளுக கைதான்!"

சார் நிமிர்ந்தார். மாறிய ஓட்டும் இருபத்து மூன்று, கறையும் இருபத்து மூன்று. கணக்கு இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில் ஒரு கணம் அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்து உடனே கூசினார்.

"குடைக் கட்டுல?"

"அதுல ஒரே ஒரு சீட்டு."

"அந்த ஒருத்தன்தான் என் சோத்துக்கு நன்றியுள்ளவன்," என்றார் ரத்தினசாமி. "யாருன்னு தெரிஞ்சா நாளைக்கே போர்மேன் ஆக்கிருவேன்."

சார் சிவப்புப் பென்சிலை எடுத்தார். முனை கிணற்றுத் தெருவைத் தொட்டபோது வாசலில் நிழல் விழுந்தது. கம்பெனியில் மருந்து அடைக்கும் கிணற்றுத் தெருப் பாலம்மாள்.

"மொதலாளி, நாளைக்கு எங்களுக்கு வேலை இல்லைன்னு பேசிக்கிடுதாக. நெசமா?"

"வந்துட்டா பாரு, ஏணியில ஏறினவ," என்றார் சங்கரலிங்கம்.

"நானா? லீவு விட்ட அன்னைக்கே தெருவே எண்ணெ தேச்சு முழுகியாச்சு. சீயக்காயப் போட்டுத் தேச்ச தேய்ப்புல தோலே உரிஞ்சிருச்சு. வருசத்துல இந்த மூணு நாளுதான்யா இந்தக் கையி கையாத் தெரியுது!"

விரித்துக் காட்டினாள். இடது சுட்டுவிரலில் ஓட்டு மை இருந்தது. வேறு ஒரு கறையும் இல்லை.

"ஓட்டுக் குத்தும்போதும் கை இப்படித்தான் இருந்துச்சா, தாயி?"

"அதுக்கு மொத நாளே வெளுத்துருச்சு சார். தெருவுல யாரை வேணாலும் கூப்பிட்டுக் கையப் பாருங்க."

சார் அந்தக் கையைப் பார்த்தார். மூலையில் கிடந்த புஸ்வாணங்களைப் பார்த்தார். பிறகு பென்சிலை மெல்லத் தூக்கி, பஜார் தெருவில் வைத்துச் சிவப்பைப் பூசத் தொடங்கினார்.

"சார்! என்ன செய்றீக?"

ரத்தினசாமி போட்ட சத்தத்தில் உள்ளே பந்திச் சத்தம் சட்டென்று நின்றது. சார் தலை நிமிரவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்.

"குடையில பதிஞ்ச அந்த ஒத்த வெள்ளி வெரலு உங்களுது, அண்ணாச்சி."