அஞ்சு மாச வித்தியாசம்

"ஹவில்தார் சாப், மூத்த பொண்ணு பொறந்தது ஜனவரி. இளைய பொண்ணு அதே வருஷம் ஜூன். இது எப்படி?"

அட்மிஷன் கவுன்ட்டரில் மாடசாமியின் பட்டாள டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிக்கொண்டே கிளார்க் ராம்பிரசாத் இந்தியில் கேட்ட கேள்வி, பின்னால் வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேட்டது. கைபேசியில் மூழ்கியிருந்தவர்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள்.

மாடசாமி தொண்டையைச் செருமினார். இருபத்திநாலு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். மூத்தவள் அம்முவுக்குப் பாணேரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் இளையவள் ஜான்சியைச் சேர்க்க வந்திருந்தார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சீட். இன்றுதான் கடைசி நாள். இன்னும் கால் மணி நேரத்தில் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.

போதாக்குறைக்கு அவருக்கு அடுத்து வரிசையில் நின்றவர் வாசுதேவன். மாடசாமி குடியிருக்கும் கட்கியில் ஒரே தெருக்காரர். அங்குள்ள தமிழர்களில் யார் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் ஊருக்கும் தெரியும்.

"அது வந்து... யூனிட் கிளார்க் தேதியைத் தப்பா எழுதிட்டான் சார்," என்றார் மாடசாமி.

"டிஸ்சார்ஜ் புக்ல தப்பு. சரி. முனிசிபாலிட்டி பர்த் சர்ட்டிபிகேட்லயும் அதே தேதிதானே இருக்கு?"

"அப்பா, ஒரு நிமிஷம்..." என்றாள் ஜான்சி.

"நீ பேசாம இரு!"

மாடசாமியின் மனைவி சாந்தகுமாரி முந்திக்கொண்டாள். "குறைமாசப் பிள்ளை சார். ஏழு மாசத்துலயே பொறந்துட்டா."

ராம்பிரசாத் விரல்விட்டு எண்ணினார். "ஏழு மாசம்னாலும் இடிக்குதேம்மா. நடுவுல அஞ்சுதானே இருக்கு?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி தானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, வாய்ப்பே இல்லை என்று மராத்தியில் தீர்ப்புச் சொன்னாள்.

"ரெக்கார்டுல குழப்பம் இருந்தா சீட் கொடுக்க முடியாது. அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

பனிமலையில் காவல் நின்றபோதுகூட மாடசாமி இப்படி மாட்டிக்கொண்டதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"எனக்கு ரெண்டு சம்சாரம் சார்."

வாசுதேவன் முகத்தில் தீபாவளி. மனைவி கனகவல்லிக்கு இதை உடனே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதுபோல் கைபேசியை வெளியே எடுத்தார்.

"அப்பா, ப்ளீஸ், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"பேசாம இருன்னு சொல்லுதேம்லா!"

"அப்படின்னா இந்தப் பொண்ணோட அம்மா வந்து கையெழுத்துப் போடணும். கூப்பிடுங்க," என்றார் ராம்பிரசாத்.

சாந்தகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவ செத்துப் போயிட்டா சார்."

ஒரே நிமிடத்தில் மாடசாமிக்கு இரண்டாவது கல்யாணமும் நடந்து, கருமாதியும் முடிந்துவிட்டது. அவரே கொஞ்சம் ஆடிப்போனார்.

"அடடா. எப்போ?"

"போன வருஷம்," என்றார் மாடசாமி.

"பத்து வருஷம் ஆச்சு," என்றாள் சாந்தகுமாரி, அதே நேரத்தில்.

வாசுதேவனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஏம்யா மாடசாமி, ஊருக்கெல்லாம் ஒழுக்கம், டிசிப்ளின்னு வாய் கிழியப் பேசுவீரு. லீவுல போயி இந்த வேலைதான் பாத்தீரா? ஏம்மா தங்கச்சி, நீ எப்படி இதைச் சகிச்சுக்கிட்டே?"

"அது எங்க வீட்டு விஷயம்ணே. எனக்கு ரெண்டு பிள்ளையும் ஒண்ணுதான்." சாந்தகுமாரி ஜான்சியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டெத் சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார் ராம்பிரசாத்.

மாடசாமி மனைவியைப் பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். இனி யாரைக் கொன்றாலும் அதற்கும் ஒரு சர்ட்டிபிகேட் கேட்பார்கள் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

ஜான்சி அம்மாவின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தன் ஃபைலைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோன பழைய பத்திரம் ஒன்றை எடுத்துக் கவுன்ட்டருக்குள் நீட்டினாள்.

ராம்பிரசாத் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அப்புறம் விண்ணப்பத்தில் டப்பென்று முத்திரை குத்தினார்.

"இதை முதல்லயே கொடுத்திருக்கலாமே சாப்? இல்லாத பொம்பளையை அநியாயமாக் கொன்னுட்டீங்களே!"

வாசுதேவன் எட்டிப் பார்த்தார். அது தத்துப் பத்திரம். கைபேசியைச் சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாடசாமி பத்திரத்தை உற்றுப் பார்த்தார். பீரோவில், பழைய யூனிஃபார்முக்கு அடியில் பதினெட்டு வருடமாக ஒளித்து வைத்திருந்த பத்திரம். அதைப் பற்றி ஜான்சிக்குத் தெரியவே கூடாது என்றுதான் இவ்வளவு கூத்தும்.

"ஏட்டி, இது உனக்கு எப்படி..." என்று சாந்தகுமாரி அழ ஆரம்பித்தாள்.

ஜான்சி அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

"அரே, அழாதம்மா. எய்த் ஸ்டாண்டர்ட் படிக்கும்போதே எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் தாங்க மாட்டீங்கன்னுதான், நானும் அம்முவும் இத்தனை வருஷமா உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்தோம்."