ரெண்டு நிமிஷம் பேசலாமா?

அந்நிய நாட்டு மலைச்சாலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரின் கைப்பேசி அடித்தது. லாரி ஏதாவது ஏற்றிக்கொண்டால் விமான நிலையம், அப்புறம் வீடு. இனி ஒரு நாள்கூட முடியாது என்று காலையில்தான் முடிவெடுத்திருந்தார்.

"சார், ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

தாய்மொழி காதில் விழுந்து பத்தொன்பது நாளாகியிருந்தது. "ரெண்டு மணி நேரம்கூடப் பேசும்மா!"

அந்தப் பெண் தடுமாறிப்போனாள். யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை போலும். "உடற்பயிற்சி சாதனம் விக்கிறோம் சார். முட்டி வலி உண்டா?"

"உயிர் போகுது."

"முதுகு?"

"அதைக் கேக்காதே."

"யாருமே இல்லாத மாதிரி மனசுக்குத் தோணுமா?"

அவர் ஆளில்லாத சாலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தோணும்மா."

"உக்காந்தே பாக்குற வேலையா சார்?"

"காலையிலேருந்து சாயங்காலம்வரைக்கும் உக்காந்தேதான்."

முழுதாகச் சொன்னால் எங்கே போனை வைத்துவிடுவாளோ என்று பயம்.

"அதான் விஷயம்! எங்க சைக்கிளை ஹால்ல போட்டு தினம் அரை மணி நேரம் மிதிங்க. ஒரு நாள் விட்டுடலாம்னு தோணும். அன்னிக்கு மட்டும் விட்டுடாதீங்க சார். மறுநாள் சரியாயிடும்."

"நிஜமாவா?"

"சத்தியமா சார்."

லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் புரியாத மொழியில் ஏதோ கேட்டார். இவர் வேண்டாமென்று கையசைத்தார். நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்து, மூட்டை முடிச்சுகளோடு பாறையில் சாய்ந்திருந்த தன் சைக்கிளை நிமிர்த்தினார்.

"சரிம்மா, இப்பவே மிதிக்கிறேன்."

"இன்னும் வாங்கவே இல்லையே சார்!"

"நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடு. யோசிச்சுச் சொல்றேன்" என்றவர், எதிர்காற்றில் ஏற்றத்தைப் பார்த்து மிதிக்கத் தொடங்கினார்.