பாதிக் கிண்ணம்

"உள்ளங்கையை வெளிச்சத்துல நல்லா வையுங்க அண்ணே. ஆடக் கூடாது."

கென்ஜெபெக் கையை வைத்தார். மாத்திரை விற்கும் சைராவின் பெட்டிக்குள் நீல வெளிச்சம் எரிந்தது. உடம்பில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் எவ்வளவு இருக்கிறது, இதயம் எவ்வளவு தாங்கும் என்பதையெல்லாம் அந்தப் பெட்டி தோலைப் பார்த்தே சொல்லிவிடுமாம். கிர்கிஸ்தானின் கராகோலில் பாதி ஊர் அதில் கை வைத்தாயிற்று.

"பத்தொன்பது!" சைரா உதட்டைப் பிதுக்கினாள். "நாலு மாசமா மாத்திரை சாப்பிட்டும் அதே பத்தொன்பதா? நெஞ்சுவலி வந்த மனுஷனுக்கு நாற்பதையாவது தொடணுமே!"

"உன் பெட்டி பழுதா இருக்கும்."

"பெட்டியைக் குறை சொல்லாதீங்க. அண்ணி, நீங்க வையுங்க, பார்ப்போம்."

அவர் மனைவி உபோல் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

நாற்பத்திரண்டு.

முதல் தடவை அளந்தபோது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே இருபதைத் தாண்டவில்லை. "ரெண்டு பேரும் சாப்பிடணும். அண்ணி, உங்க அம்மாவும் அக்காவும் நெஞ்சு அடைச்சுத்தானே போனாங்க?" என்று சைரா அன்றே பயமுறுத்தியிருந்தாள். ஆனால் ஆட்டை விற்றும் ஒருவருக்கான மாத்திரைதான் வாங்க முடிந்தது. "அவருக்கே வாங்குங்க, எனக்கெதுக்கு?" என்று அன்றைக்குச் சொன்னவள் உபோல்தான்.

கென்ஜெபெக்கின் அக்கா புருல்கானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அன்னிக்குப் பெரிய தியாகி மாதிரி பேசினியே! இப்போ என் தம்பி மாத்திரையை யாருடி முழுங்குறா?"

"சத்தியமா நான் தொடலைக்கா. தினமும் காலையில நானே எடுத்து அவர் கையில கொடுக்கிறேன்."

"அப்போ உன் கணக்கு மட்டும் தானா ஏறிச்சா?"

"நான்தான் அவளுக்கு ஊட்டி விடுறேன்னு வச்சுக்கயேன் அக்கா." கென்ஜெபெக் சிரித்தார். சிரித்தபடியே மனைவியின் கிண்ணத்தில் ஆப்ரிகாட் ஜாமைப் போட்டு, பாதிக் கிண்ணம் தேநீர் ஊற்றிக் கலக்கி நீட்டினார்.

"இது வேறயா? நம்ம வம்சத்துல எந்த ஆம்பளைடா பெண்டாட்டிக்குத் தேநீர் ஊத்தினான்? நெஞ்சுவலி வந்ததும் ரோஷமும் போயிடுச்சு உனக்கு!"

அவர் அதற்கும் சிரித்தார்.

இலையுதிர் காலம் வந்தது. ஒரு காலையில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

நாற்பதாம் நாள். போனவருக்காகப் பொரித்த போர்சோக் ரொட்டியின் எண்ணெய் வாசம் வீடு முழுக்க இருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஊற்றும் இடத்தில் புருல்கான்.

எல்லோருக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றினாள். உபோலுக்கு மட்டும் விளிம்பு வழிய ஊற்றி, அவள் முன்னால் தள்ளினாள்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதி ஊற்றினால் 'இன்னும் இரு' என்று அர்த்தம். வழிய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு'.

"அக்கா... நான் வாழ்ந்த வீடு இது."

"என் தம்பி உசிரைக் குடிச்ச வீடுன்னு சொல்லு. இனி பங்குக்கும் ஆளில்ல, மாத்திரை எல்லாம் உனக்குத்தான். சைரா, பெட்டி பையிலதானே இருக்கு? அளந்து பாரு. இப்போ நூறைத் தொட்டிருப்பா."

"இன்னிக்குப் போயா அக்கா?" என்று சைரா தயங்கினாள்.

"அளந்துடு," என்றாள் உபோல். அவளே கையை நீட்டினாள்.

நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது. சைரா எண்ணைப் பார்த்தாள். இன்னொரு முறை வைக்கச் சொன்னாள்.

"இருபத்தேழு."

"அதெப்படி? மாத்திரை தீர்ந்திருக்கும்," என்றாள் புருல்கான்.

உபோல் எழுந்துபோய் அலமாரியிலிருந்து மாத்திரைக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மூடியில் தூசி.

"அவர் போன அன்னிக்கு மூடினது. அப்புறம் யாரும் தொடலை."

சைராவுக்கே புரியவில்லை. "அப்போ சாப்பிட்டு, இப்போ விட்டுட்டது என்ன அண்ணி? யோசிச்சுப் பாருங்க."

"ஒண்ணுமில்லையே. அதே ரொட்டி, அதே கேரட், அதே ஜாம்..."

உபோல் சட்டென்று நிறுத்தினாள்.

"தேநீர் மட்டும் இப்போ நானே ஊத்திக்கிறேன். முன்னெல்லாம் மாத்திரையைக் கையில வாங்கிக்கிட்டு, 'தண்ணி கொண்டா'ன்னு என்னை அனுப்புவார். நான் வர்றதுக்குள்ள 'முழுங்கிட்டேன்'னு சொல்லி என் கிண்ணத்தை நீட்டுவார். ஜாம்ல லேசா எண்ணெய் வாடை அடிக்கும். பழைய ஜாம்னு நினைச்சேன்."

சைரா ஒரு மாத்திரையை எடுத்து உறை கிழிய அழுத்தினாள். ஆப்ரிகாட் ஜாமின் அதே நிறத்தில் எண்ணெய் அவள் விரலில் வழிந்தது.



உபோல் அந்த வழியும் கிண்ணத்தை எடுத்தாள். கண்ணீர் அதிலேயே விழுந்தது.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா. நான்தான் குடிச்சிருக்கேன். இதைக் குடிச்சுட்டுக் கிளம்பிடறேன்."

புருல்கான் கிண்ணத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கொட்டினாள். அழுதுகொண்டே அதில் ஜாமைப் போட்டாள். தேநீரைப் பாதி மட்டும் ஊற்றிக் கலக்கி, தம்பி நீட்டுவதைப் போலவே நீட்டினாள்.

"குடி உபோல். தினமும் உன்னை இருக்கச் சொல்லித்தானே அவன் ஊத்தியிருக்கான்?"