இருபது பேர் சேரட்டும்

“டீ வடிகட்டிக்கு நீளமா ஒரு கைப்பிடி போட்டா லக்ராஸ்னு ஒரு ஆட்டமாம்! இதுக்கு என் கிரவுண்டு வேணுமாம், மேடம்!”

பி.டி. மாஸ்டர் மேஜையில் தட்டிய தட்டில், அதன் மேல் கிடந்த கம்பு உருண்டது. நுனியில் சின்ன வலை கட்டிய கம்பு. கெமிஸ்ட்ரி மிஸ் அதை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“செவ்வாய், வியாழன் சாயங்காலம் மட்டும் போதும் சார். இந்த வலையிலேயே பந்தைப் பிடிச்சு, ஓடி, வீசி, கோல் போடணும். காலேஜ்ல நாலு வருஷம் ஆடியிருக்கேன்.”

பிரின்சிபால் ஆர்வமாகத் தலையாட்டினார். அங்கேதான் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டானாலும் அவர்தான் கோச். அதிலும் பெண்கள் ஃபுட்பால் டீம் அவருக்கு உயிர். அவர் பேசும்போது கண்ணாடியைத் துடைக்கும் பிரின்சிபால், போன வருஷம் வந்த மிஸ் பேசினால் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்கிறார். வயிறு எரியாதா?

“யாருக்குமே தெரியாத ஆட்டம் மேடம் இது!”

“அதான் சார் வேணும். யாருக்கும் தெரியாதுன்னா எல்லாரும் ஒரே நாள்ல ஆரம்பிப்பாங்க. உங்க டீம்ல பதினொரு பேர் ஆடுறாங்க. மத்த பிள்ளைங்க பந்து பொறுக்குறாங்க, தண்ணி பாட்டில் தூக்குறாங்க.”

“என் செலெக்‌ஷனையா குறை சொல்றீங்க? பெத்த பொண்ணையே மூணு வருஷமா பெஞ்சுல உட்கார வெச்சிருக்கேன், தெரியுமா? நல்லாத்தான் ஆடுவா. ஆனா மாஸ்டர் தன் பொண்ணுன்னு எடுத்துட்டார்னு ஒருத்தர் வாயில வரக்கூடாது பாருங்க!”

“சரி, இப்ப என்னதான் செய்யலாம்?” என்றார் பிரின்சிபால்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள இருபது பேர் சேரட்டும். சும்மா பேர் குடுத்தா போதாது. ஏன் சேரணும்னு அவங்கவங்க கைப்பட எழுதணும். கீழே அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது.”

லீவ் லெட்டரையே பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள்! இருபது பேராவது, சேருவதாவது! வெளியே வரும்போது மாஸ்டர் விசிலடிக்காத குறை.

ஆனால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதிமூன்று ஃபாரம் சேர்ந்துவிட்டது. வியாழன் காலையில் வீட்டில் அவருக்கு டீகூட இறங்கவில்லை.

“பொறாமைன்னு ஒத்துக்கிட்டா பாதி குறையும்,” என்றாள் மனைவி, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

“எனக்கா? அந்த வடிகட்டி மேலயா?”

“அந்த மிஸ் மேல. போன வாரம் அவங்க ஷூவைக்கூட விட்டு வைக்கலையே நீங்க.”

“கெமிஸ்ட்ரி எடுக்குறவங்களுக்கு எதுக்கு என் ஷூவை விட நல்ல ஷூ?”

மனைவி சிரித்துவிட்டாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகள், “கையெழுத்துப் போடுங்கப்பா, நேரமாச்சு,” என்று நாலைந்து தாள்களை நீட்டினாள். பஸ் பாஸ், ரத்த வகை என்று வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

“இன்னும் ஏழு பேருக்கு எங்கே போவாங்க அவங்க?” ஒரு கையெழுத்து. “தலைகீழா நின்னாலும் கிடைக்காது!” இன்னொரு கையெழுத்து. கடைசித் தாளில் கையெழுத்துக்குக் கீழே வழக்கமான இரண்டு புள்ளிகளை அவர் வைத்த வேகத்தில், பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.

“மெதுவாப்பா,” என்று மகள் தாளை நீவிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி, பிரின்சிபால் ரூம். மிஸ் கொண்டு வந்த ஃபாரம் கட்டை மாஸ்டரே எண்ணினார். திரும்ப ஒரு தடவை எச்சில் தொட்டு எண்ணினார்.

“பத்தொன்பது!”

அப்பாடா! பதினாறு வருஷத்தில் எந்தக் கோப்பையைத் தூக்கியபோதும் அவருக்கு மனசு இவ்வளவு குளிர்ந்ததில்லை.

“ஒரே ஒரு பிள்ளைதானே சார் குறையுது...” மிஸ்ஸின் குரல் இறங்கிவிட்டது.

“ரூல்னா ரூல்தான் மிஸ். கம்பை எடுத்துக்குங்க.”

“இருங்க,” என்று பிரின்சிபால் டிராயரைத் திறந்தார். “இருபதாவது ஃபாரம் என்கிட்ட இருக்கு. நேத்தே நேரா வந்து என் கையில குடுத்துட்டா. மிஸ்கிட்ட குடுத்தா, மிஸ் பிடிச்சு இழுத்தாங்கன்னு பேச்சு வருமாம்.”

மாஸ்டருக்குக் காதில் புகை வந்தது.

“இதெல்லாம் செல்லாது மேடம்! அந்தக் கையெழுத்து பெத்தவங்க போட்டதுதான்னு யாருக்குத் தெரியும்?”

“நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்.”

பிடுங்காத குறையாக வாங்கினார். கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டாவது புள்ளியில் தாள் கிழிந்திருந்தது.

அதற்கு மேலே, அவர் வீட்டில் தினமும் பார்க்கிற குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘எங்க அப்பா கோச்சாக இல்லாத டீம் இது ஒன்றுதான். இதில் நான் ஆடினால், அப்பாவை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.’